ஆம்ப் இல்லாமல் கேட்டால் எதையாவது இழக்கிறேனா?

"போனில் கேட்க நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்கப்போகிறேன். பாதி நேரம் பயணத்தில், பாதி நேரம் வீட்டில். 250 ஓம் மாடலை வாங்கி ஆம்ப் போட்டால்தான் முழு ஒலி வெளியே வரும் என்கிறார் ஒருவர். ஆம்ப் எல்லாம் வீண் செலவு என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. போனிலிருந்து வரும் சத்தம் போதுமா என்பது ஒன்று. சத்தம் போதுமென்றாலும் ஆம்ப் போட்டால் தரம் கூடுமா என்பது இரண்டாவது. எந்த ஹெட்ஃபோன் என்பது மூன்றாவது. முதல் கேள்விக்குக் காகிதத்தில் கணக்குப் போட்டே விடை சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு இரண்டு குறிப்பிட்ட சூழ்நிலைகளில் மட்டும் 'ஆம்', மற்றபடி பெரும்பாலும் 'இல்லை'. மூன்றாவதுதான் கடினம். கையிலிருக்கும் பணத்தில் பெரும்பகுதி போகவேண்டிய இடமும் அதுதான்.

ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபையர், செய்வது என்ன என்பதை முதலில் பிரித்துப் பார்ப்போம். அது மூன்று வேலைகள் செய்கிறது. தேவையான வோல்டேஜைத் தருவது, அந்த வோல்டேஜில் ஹெட்ஃபோன் இழுக்கும் கரன்டைச் சிணுங்காமல் கொடுப்பது, தன் பங்குக்கு இரைச்சலையோ ஒலித்தன்மையில் மாற்றத்தையோ சேர்க்காமல் இருப்பது. நன்றாகச் செய்யப்பட்ட ஆம்ப் பாட்டுக்குள் இல்லாத எதையும் கொண்டுவராது. ஆகவே உங்கள் போனோ டாங்கிளோ (போனின் சார்ஜிங் துளையில் மாட்டி ஹெட்ஃபோன் ஜாக் தரும் சிறு அடாப்டர்) இந்த மூன்றையும் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தால், இன்னொரு ஆம்ப்புக்கு அங்கே வேலையே இல்லை.

இப்போது கணக்கு. ஓம் எண் பெரிதாக இருந்தால் 'ஓட்டுவது கடினம்' என்றொரு நம்பிக்கை எங்கும் பரவியிருக்கிறது. அது பாதிதான் சரி. ஓம் என்பது இம்பீடன்ஸ். ஹெட்ஃபோனுக்கு வோல்டேஜ் அதிகம் வேண்டுமா, கரன்ட் அதிகம் வேண்டுமா என்று மட்டுமே அது சொல்லும். எவ்வளவு வேண்டும் என்பதைச் சொல்வது சென்சிடிவிட்டி, அதாவது ஒரு மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபெல் சத்தம் வருகிறது என்ற எண். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு முடியும். செய்முறை சுலபம்: 110 டெசிபெல்லிலிருந்து சென்சிடிவிட்டியைக் கழியுங்கள். ஒரு மில்லிவாட்டில் தொடங்கி, மீதியில் ஒவ்வொரு 10 டெசிபெல்லுக்கும் பவரைப் பத்தால் பெருக்குங்கள், ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் இரண்டால் பெருக்குங்கள். வரும் மில்லிவாட்டை வாட்டாக மாற்றி, ஓம் எண்ணால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் தேவையான வோல்ட் கிடைத்துவிடும்.

110 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தச் சத்தத்தில் யாரும் பாட்டுக் கேட்கக் கூடாது. இசையின் சராசரிச் சத்தத்துக்கும் அதன் உச்சங்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. இன்றைய சினிமாப் பாட்டுகள் பலவற்றில் அது 10 டெசிபெல் அளவில்தான் இருக்கும், ஏனென்றால் மாஸ்டரிங்கின்போது (வெளியிடுமுன் செய்யும் கடைசி ஒலிச்சீரமைப்பு) உச்சங்களை அழுத்திவிடுகிறார்கள். அழுத்தாமல் பதிவான கச்சேரியிலோ ஆர்கெஸ்ட்ராவிலோ 20 டெசிபெல் வரை போகும். சராசரி 80-ல் கேட்பவருக்கு மிருதங்கத்தின் ஒரு அடி கணநேரம் 100-ஐத் தொடும். அதற்கு மேல் ஒரு 10 டெசிபெல் கையிருப்பு வைத்தால் ஈக்யூவில் (அலைவரிசை வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர்) பாஸை, அதாவது கீழ்த்தொனியை, கூட்டினாலும் இடிக்காது. 110 என்பது அந்தக் கையிருப்போடு சேர்ந்த தாராளமான எல்லை.

நாலு உதாரணம் பாருங்கள். 1984-லிருந்து விற்பனையில் இருக்கும் காஸ் போர்ட்டா ப்ரோ 60 ஓம், 101 டெசிபெல். 110-க்கு 9 டெசிபெல் குறைகிறது. அதாவது 8 மில்லிவாட், வோல்டேஜ் கணக்கில் 0.7 வோல்ட். ஒரு சாதாரண டாங்கிளே இதைத் தாராளமாகக் கொடுக்கும். 32 ஓம், 105 டெசிபெல் கொண்ட, காதுக்குள் செருகும் ஒரு இன்-இயருக்கு மூன்று மில்லிவாட்டும் 0.3 வோல்ட்டும் போதும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் 250 ஓம் வகைக்கு 96 டெசிபெல் என்று போட்டிருப்பார்கள். 25 மில்லிவாட், 2.5 வோல்ட் வேண்டும். கடைசியாக ஹைஃபைமேன் ஹெச்இ-6: 50 ஓம்தான், ஆனால் சென்சிடிவிட்டி 83.5. அதற்கு ஏறத்தாழ 450 மில்லிவாட், 4.7 வோல்ட், 95 மில்லியாம்ப் வேண்டும். 50 ஓம் ஹெட்ஃபோன் 250 ஓம் ஹெட்ஃபோனை விடப் பதினெட்டு மடங்கு பவர் கேட்கிறது. ஓம் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

அந்த 250 ஓம் மாடலை 1 வோல்ட் டாங்கிளில் மாட்டினால் என்ன ஆகும்? 4 மில்லிவாட் கிடைக்கும், உச்சம் 102 டெசிபெல். அழுத்தி மாஸ்டர் செய்த பாட்டில் சராசரி 92 வரை ஏற்றலாம். அது காதுக்கு ஏற்கெனவே அதிகம். அழுத்தாத பதிவில் சராசரி 82 வரை போகலாம். பெரும்பாலோருக்கு அதுவும் போதும். ஆகவே "250 ஓம் போனில் ஓடவே ஓடாது" என்பது மிகை. கையிருப்பு குறைவாக இருக்கும், ஈக்யூ போட இடம் இருக்காது, குறைந்த சத்தத்தில் பதிவான பழைய பாட்டுகளில் வால்யூம் முழுக்கப் போய் நின்றுவிடும். உண்மையான நஷ்டம் அவ்வளவுதான். அது சிறிய நஷ்டமா பெரிய நஷ்டமா என்பது நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் சென்சிடிவிட்டி எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. சில நிறுவனங்கள் ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபெல் என்று போடும், சில ஒரு வோல்ட்டுக்கு இத்தனை என்று போடும், சில எதற்கு என்றே சொல்லாமல் வெறும் டெசிபெல் என்று போட்டுவிடும். 32 ஓம் ஹெட்ஃபோனில் இரண்டுக்கும் 15 டெசிபெல் வித்தியாசம். வோல்ட்டுக்கு 103 என்பது மில்லிவாட்டுக்கு வெறும் 88-தான். அதை மில்லிவாட் எண் என்று நினைத்து வாங்கினால், கணக்குப் போட்டதை விட முப்பது மடங்கு பவர் தேவைப்படுவது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். 300 ஓமில் இந்த வித்தியாசம் 5 டெசிபெல்லாகச் சுருங்கிவிடும். இரண்டு ஹெட்ஃபோன்களை ஒப்பிடும்போது இரண்டு எண்களும் ஒரே அளவுகோலில் இருக்கின்றனவா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்.

கணக்கின் மறுபக்கம் உங்கள் டாங்கிள் எவ்வளவு தருகிறது என்பது. ஆப்பிளின் யூஎஸ்பி-சி டாங்கிள் 1 வோல்ட் தரும்; ஐரோப்பாவில் விற்பனையாகும் அதன் வகை, அங்குள்ள சத்தக் கட்டுப்பாட்டால், அதில் பாதிதான் தரும், அதாவது 6 டெசிபெல் குறைவு. அதே டாங்கிளைச் சில ஆண்ட்ராய்டு போன்களில் மாட்டினால் சத்தம் மிகவும் கம்மியாக வருவதற்கு வேறு காரணம் உண்டு. டாங்கிளுக்குள்ளேயே ஒரு வால்யூம் அமைப்பு இருக்கிறது. போன் அதை முழுக்க ஏற்றாமல் விட்டுவிடுகிறது. டாங்கிள் சரியில்லை, ஆம்ப் வாங்கத்தான் வேண்டும் என்று அதைப் பார்த்து முடிவெடுத்துவிடாதீர்கள். வேறொரு டாங்கிளை மாட்டிப் பார்த்தாலே போதும். கட்டைவிரல் அளவே உள்ள டாங்கிள்கள் பல இன்று 2 வோல்ட் தருகின்றன. முன்பு 'போர்ட்டபிள் ஆம்ப்' என்று தனிப் பெட்டியாக, தனி பேட்டரியோடு சுமந்த வேலையை அவை முடித்துவிடுகின்றன.

அப்படியானால் ஆம்ப் போட்டவுடன் 'பாஸ் திறந்துகொண்டது, மேடை அகலமாகிவிட்டது' என்று இத்தனை பேர் சொல்வது பொய்யா? அவர்கள் கேட்டது பொய்யில்லை, சொல்லும் காரணம்தான் பெரும்பாலும் தவறு. நம் காது சத்தம் குறையக் குறைய பாஸைக் கூடுதலாக இழக்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வரைபடமாக்கிவிட்டார்கள். ஆம்ப்பில் இரண்டு மூன்று டெசிபெல் கூடுதலாக வைத்துக் கேட்டால் பாஸ் நிறைந்தும் நுணுக்கங்கள் முன்னே வந்தும் கேட்கத்தான் செய்யும். அதே இரண்டு டெசிபெல்லை டாங்கிளில் கூட்டினாலும் அதேதான் நடக்கும். ஒரு டெசிபெல்லுக்கும் குறைவான வித்தியாசத்தை 'சத்தம் கூடியது' என்று மனம் உணராது. 'நன்றாக இருக்கிறது' என்றுதான் உணரும். அதனால்தான் சத்தத்தைச் சமன் செய்யாத எந்த ஒப்பீட்டையும் நான் கணக்கில் எடுப்பதில்லை.

சத்தம் போதாமல் இருப்பது வேறு, கிளிப் ஆவது வேறு. ஆம்ப்பின் வோல்டேஜோ கரன்ட்டோ தீர்ந்துபோனால் அலையின் உச்சி வெட்டப்படும். முதலில் அடிபடுவது பாஸ். தவில் அடியும் கிக் டிரம்மும் உருண்டையாக விழாமல் 'கடக்' என்று காய்ந்து விழும், அந்த நேரத்தில் பாடகரின் குரலிலும் ஒரு கரகரப்பு தொற்றும். வால்யூமை 3 டெசிபெல் குறைத்தவுடன் கரகரப்பு சுத்தமாக மறைந்தால் அது ஆம்ப்பின் போதாமை. குறைத்த பிறகும் அதே இடத்தில் இருந்தால் பதிவிலேயே இருக்கிறது, அல்லது ஈக்யூ தவறாக இருக்கிறது. கிளிப் ஆவதை நீங்கள் கேட்கும் அளவில் உறுதிசெய்துவிட்டால் ஆம்ப் வாங்கத் தயங்கவே வேண்டாம். 'தரம் கூடுமா' என்ற கேள்விக்கு ஆம் என்று சொன்ன இரண்டு சூழ்நிலைகளில் இது ஒன்று.

இரண்டாவது, அவுட்புட் இம்பீடன்ஸ். இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை, ஆனால் காதுக்கு நிச்சயமாகத் தெரியக்கூடியது இதுதான். ஆம்ப்பின் உள்ளே தொடரில் ஒரு மின்தடை இருப்பதுபோல் எண்ணிக்கொள்ளுங்கள். வோல்டேஜ் அந்தத் தடைக்கும் ஹெட்ஃபோனுக்கும் பங்கிடப்படுகிறது. ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸ் எல்லா அலைவரிசையிலும் ஒரேபோல் இருந்தால் சத்தம் மட்டும் சற்றுக் குறையும், வேறு கெடுதல் இல்லை. பிளேனர் வகைகள் (தட்டையான மெல்லிய படலத்தால் ஒலியெழுப்புபவை) இப்படிப்பட்டவை. ஒற்றை டைனமிக் டிரைவர் (வழக்கமான வகை ஒலியெழுப்பி) கொண்ட இன்-இயர்கள் பலவும் இப்படித்தான். ஆனால் பேலன்ஸ்டு ஆர்மச்சர் என்ற மிகச்சிறு வகை டிரைவர்கள் பல கொண்ட இன்-இயரில் இம்பீடன்ஸ் ஓரிடத்தில் 32 ஓம், இன்னோரிடத்தில் 8 ஓம் என்று ஏறி இறங்கும். அதை 10 ஓம் அவுட்புட்டில் மாட்டினால் 32 ஓம் இடத்தில் 2.4 டெசிபெல்லும் 8 ஓம் இடத்தில் 7 டெசிபெல்லும் குறையும். நடுவே 4.7 டெசிபெல் சாய்வு வந்துவிட்டது. யாரோ உங்களுக்குத் தெரியாமல் ஈக்யூவைத் திருகிவிட்டதுபோல் ட்ரெபிளோ (மேல்தொனி) மிட்ரேஞ்சோ (நடுத்தொனி) மங்கிப்போகும். அதே 10 ஓமில், 300-லிருந்து 500 ஓம் வரை ஏறும் ஒரு பெரிய ஹெட்ஃபோனை மாட்டினால் மாற்றம் 0.1 டெசிபெல்தான்.

ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குக் குறைவாக அவுட்புட் இம்பீடன்ஸ் இருக்கட்டும் என்று ஒரு விரல்கணக்கு உண்டு. பெரும்பாலான ஹெட்ஃபோன்களுக்கு அது சரிவரும், ஆனால் பல டிரைவர் இன்-இயர்களுக்கு ஒரு ஓமுக்குக் கீழே இருப்பதே நல்லது. ஆப்பிள் டாங்கிள் ஏறக்குறைய ஒரு ஓம். பழைய ரிசீவர்கள், சில லேப்டாப் ஜாக்குகள், சில டியூப் ஆம்ப்புகள் பல பத்து ஓம் வரை போகும். 1996-ல் வந்த ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 61938 தரநிலை 120 ஓமைப் பரிந்துரைத்தது. அந்தக் காலத்துக் கருவிகளில் அது சகஜம். ஆகவே ஆம்ப் வாங்குவதானால் அதன் வாட் எண்ணை விட இந்த எண்ணை முதலில் தேடுங்கள். விவரப் பட்டியலில் அந்த எண்ணையே போடாத ஆம்ப் மேல் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

ஆம்ப் கெடுதல் செய்யும் இடமும் உண்டு. ஒரு வோல்ட்டுக்கு 125 டெசிபெல் தரும் கூர்மையான இன்-இயரை, 10 மைக்ரோவோல்ட் இரைச்சல் கொண்ட சக்திவாய்ந்த மேசை ஆம்ப்பில் மாட்டினால் 25 டெசிபெல் 'ஸ்ஸ்' சத்தம் காதுக்குள் நிரந்தரமாக இருக்கும். காதை அடைத்துக்கொண்ட நிலையில், தம்புராவின் ஒலி அடங்கும் இடத்தில் அது தெளிவாகக் கேட்கும். ஒரு மைக்ரோவோல்ட் இரைச்சல் கொண்ட சாதாரண டாங்கிளில் அது 5 டெசிபெல்லாக இறங்கிவிடும், கேட்கவே கேட்காது. அதே மேசை ஆம்ப்பில் வால்யூம் குமிழைக் கால்வாசிகூடத் திருப்ப முடியாது. குமிழின் அடிப்பகுதியில் இடமும் வலமும் சமமாக இருக்காது, பாடகர் ஒரு பக்கம் நகர்ந்து நிற்பார். கெயின் ஸ்விட்ச் (ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்பதை மாற்றுவது) இருந்தால் எப்போதும் லோவில் தொடங்குங்கள்; குமிழ் பாதியைத் தாண்டியும் சத்தம் போதவில்லை என்றால் மட்டும் ஹைக்குப் போங்கள். தொடரில் மின்தடை வைத்த சிறு அடாப்டர்களை இரைச்சலுக்கு மருந்தாக விற்கிறார்கள். இரைச்சல் குறையத்தான் குறையும், ஆனால் அவுட்புட் இம்பீடன்ஸ் பற்றிப் பேசும்போது சொன்ன சாய்வை நீங்களே காசு கொடுத்து வாங்கியதாகிவிடும்.

ப்ளூடூத் ஹெட்ஃபோனுக்கு வெளி ஆம்ப் கேட்பவர்களுக்கு ஒரே வரிதான்: அதன் கிண்ணத்துக்குள்ளேயே டிஏசியும் (டிஜிட்டலை ஒலிச் சிக்னலாக மாற்றும் சில்லு) ஆம்ப்பும் இருக்கின்றன, வெளியிலிருந்து சேர்க்க ஒன்றும் இல்லை. அங்கே மாறக்கூடியது கோடெக், அதாவது பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை, மட்டுமே. ஐபோனில் எஸ்பிசி, ஏஏசி இரண்டுதான். ஆண்ட்ராய்டில் எல்டிஏசி 330, 660, 990 கிலோபிட் என்று மூன்று படிகளில் ஓடும். கூட்டமான இடத்தில் 990-ஐப் பிடித்துவைத்தால் பாட்டு அறுந்து அறுந்து வரும், 660-ல் விட்டுவிடுவது நல்லது.

இனி ஹெட்ஃபோன். எங்கே கேட்பீர்கள் என்பதுதான் முதல் கேள்வி, ஏனெனில் பயணத்தில் வெளிச்சத்தமே மிகப் பெரிய குறைபாடு. வண்டியின் உறுமல் தாழ்ந்த அலைவரிசையில் இருக்கிறது, அது பாட்டின் பாஸை விழுங்கிவிடும். விழுங்கியதை மீட்க வால்யூமை ஏற்றுவீர்கள், ஏற்றியது காதைத் தின்னும். கிண்ணத்தின் வெளிப்பக்கம் திறந்திருக்கும் ஓபன்-பேக் ஹெட்ஃபோன் எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் அங்கே அதற்கு இடமில்லை. உங்கள் பாட்டு பக்கத்து இருக்கைக்கும் கேட்கும். நன்றாகப் பொருந்திய இன்-இயர், அல்லது நாய்ஸ் கேன்சலிங் கொண்ட மூடிய வகை, இரண்டில் ஒன்றுதான். நாய்ஸ் கேன்சலிங் இன்ஜின் உறுமலை நன்றாக அடக்கும், பேச்சுக்குரலை அவ்வளவாக அடக்காது. நல்ல இன்-இயர் நடு, மேல் அலைவரிசைகளை நன்றாகத் தடுக்கும். அமைதியான வீட்டுக்கு ஓபன்-பேக். ஒரே ஹெட்ஃபோன் இரண்டு இடத்துக்கும் வேண்டுமென்றால் மூடியதையே எடுங்கள். முடிந்தால் ஒரு எளிய இன்-இயரும் ஒரு ஓபன்-பேக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்வது, ஒரு ஹெட்ஃபோனும் ஒரு ஆம்ப்பும் வாங்குவதை விட எத்தனையோ மேல்.

இன்-இயரில் தரத்தைத் தீர்மானிப்பது பாதி டிரைவர், பாதி டிப், அதாவது காதுக்குள் போகும் மென்முனை. 50 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டு, விரலால் இயர்ஃபோனை லேசாக உள்ளே அழுத்துங்கள். சத்தம் குபுக்கென்று கூடினால் அடைப்பு சரியில்லை, டிப் சிறியது. இரண்டு காதுத் துவாரமும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. இடதுக்கு மீடியமும் வலதுக்கு லார்ஜும் போடவேண்டி வந்தால் அதில் தவறே இல்லை. மூடிய பெரிய ஹெட்ஃபோனில் இதே வேலையை மூக்குக்கண்ணாடியின் காம்பு கெடுக்கும். பேடுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு நூலிழை இடைவெளி விழுந்தாலும் அடிபாஸ் கசிந்துபோகும். கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடுதான் ஹெட்ஃபோனைப் போட்டுப் பார்க்க வேண்டும்; மென்மையான தடித்த பேடும் மெல்லிய காம்பும் ஓரளவு காப்பாற்றும். பேடு நசுங்கிப் போனாலும் ஒலி மாறும், ஏனென்றால் டிரைவர் காதுக்கு நெருங்கிவிடுகிறது. "என் ஹெட்ஃபோன் முன்போல் இல்லை" என்பவர்கள் முதலில் பேடைத் தொட்டுப் பார்க்கட்டும். மாற்றும்போது அதே வகைப் பேடையே வாங்குங்கள். வெல்வெட் பேடுக்குப் பதில் தோல் பேடு போட்டால் கையில் இருப்பது கிட்டத்தட்ட வேறொரு ஹெட்ஃபோன்.

ஒலியின் தன்மையைப் பொறுத்தவரை, எந்த அலைவரிசை எவ்வளவு சத்தமாக வருகிறது என்ற வரைபடமே மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஒலிவ், டாட் வெல்ட்டி ஆகியோர் 2010-களில் நடத்திய கேட்புச் சோதனைகளிலிருந்து ஒரு இலக்குக் கோடு பிறந்தது. பெரும்பாலான கேட்பவர்கள் நல்லது என்று தேர்ந்தெடுக்கும் வடிவம் அது: 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பாஸ் சற்று உயர்ந்தும், 3 கிலோஹெர்ட்ஸை ஒட்டிக் காதின் இயல்பான எழுச்சியோடும் இருக்கும். அந்தக் கோடு சராசரி ரசனை என்பதை மறக்கக் கூடாது. உங்கள் ரசனை அதிலிருந்து இரண்டு மூன்று டெசிபெல் விலகி இருந்தால் நீங்கள் தவறில்லை. 8, 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அந்த வரைபடங்களை நான் அதிகம் நம்புவதில்லை. அங்கே காதின் வடிவமும், இயர்ஃபோன் எவ்வளவு ஆழம் போகிறது என்பதும் எல்லாவற்றையும் மாற்றிவிடும். அளவீட்டில் அமைதியாகத் தெரிவது உங்கள் காதில் கூர்ந்து குத்தலாம். அதற்குச் சோதனை உங்களுக்குப் பழக்கமான பெண் குரல் ஒன்று. 'ஸ', 'ஷ' வரும் இடங்களில் எழுத்து எழுத்தாகவே கேட்டால் நல்லது. ஊசியாகத் தெறித்தால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸில் மேடு இருக்கிறது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் 'கும்' என்ற நாதம் ஏறி இறங்குவதைப் பின்தொடர முடிகிறதா, அல்லது எல்லா அடியும் ஒரே 'தொம்' ஆகக் கரைகிறதா என்று கேட்டால் பாஸின் லட்சணம் தெரிந்துவிடும்.

ஆம்ப்புக்கு ஒதுக்கிய பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் ஈக்யூவை முயலுங்கள். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட், இரண்டும் ஹெட்ஃபோனின் ஒலியை எந்த ஆம்ப்பாலும் முடியாத அளவுக்கு மாற்றும். ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள்: ஏதோவொரு அலைவரிசையை 6 டெசிபெல் கூட்டினால் ப்ரீஆம்ப்பை (அந்த ஈக்யூ செயலியில் உள்ள மொத்தச் சத்த அளவு) 6 டெசிபெல் குறைக்க வேண்டும். இல்லையென்றால் டிஜிட்டலிலேயே கிளிப் ஆகும், பழியை ஹெட்ஃபோன் சுமக்கும். அப்படிக் குறைத்த பிறகு சத்தம் போதாமல் போனால், அப்போது ஆம்ப்புக்கு நியாயமான காரணம் கிடைத்துவிட்டது. அந்த 6 டெசிபெல் என்பது நான்கு மடங்கு பவர்.

இதுவரை சொன்னவற்றில் கணக்குகளும் இம்பீடன்ஸ் விஷயமும் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. சந்தேகமானவை இனி. நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஹெட்ஃபோன் 'திறக்கும்' என்பார்கள். டிரைவரில் சிறு மாற்றம் வரலாம், ஆனால் தலையில் ஹெட்ஃபோனை எடுத்து மறுபடி வைக்கும்போது வரும் மாற்றமே பெரும்பாலும் அதைவிடப் பெரிது. பழகுவது முக்கியமாக மூளைதான். கேபிளை மாற்றினால் ஒலி மாறும் என்பதற்கு, மின்தடை கணிசமாக மாறாதவரை, நல்ல ஆதாரம் இல்லை. பேலன்ஸ்டு வெளியீட்டில் (இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி பிளஸ், மைனஸ் கம்பிகள் உள்ளது) வோல்டேஜ் இரட்டிப்பாகும், 6 டெசிபெல் கூடும்; அவுட்புட் இம்பீடன்ஸும் இரட்டிப்பாகும். பவர் தேவைப்படும் பிளேனருக்கு அது நல்ல வழி, கூர்மையான இன்-இயருக்கு அதில் லாபமில்லை. சத்தம் சமன் செய்த பிறகு, கிளிப் ஆகாத, அவுட்புட் இம்பீடன்ஸ் குறைந்த இரண்டு நல்ல ஆம்ப்புகளுக்கு நடுவே கேட்கக்கூடிய வித்தியாசம் உண்டா என்பதில் அனுபவசாலிகளே இரண்டு கட்சி. என் கணிப்பு, இல்லை அல்லது மிக மிகச் சிறியது. மாறாக நினைப்பவருக்குக் கீழே சொல்லும் சோதனை இருக்கிறது.

சோதனைக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் ஒரு துளையில் ஹெட்ஃபோன், மற்றதில் ஒரு ஆண்-ஆண் கேபிள். ஹெட்ஃபோன் காதில் இருக்கக் கூடாது. 400 ஹெர்ட்ஸ் தொனியை ஓடவிட்டு, ஏசி வோல்ட்டில் கேபிளின் நுனிக்கும் அடிவளையத்துக்கும் நடுவே அளக்கவும். டாங்கிளில் வந்த எண்ணையும் ஆம்ப்பில் வந்த எண்ணையும் ஒரு சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள், 0.1 டெசிபெல் என்பது 1.2 சதவீதம். பிறகு இன்னொருவர் மாற்றி மாற்றி மாட்டட்டும், எது என்று தெரியாமல் நீங்கள் சொல்லுங்கள். பதினாறு முறையில் குறைந்தது பன்னிரண்டு முறை சரியாக இருந்தால் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. இதே கருவியால், ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு முழு வால்யூமில் முழு அளவுத் தொனியை அளந்தால் உங்கள் டாங்கிளின் உச்ச வோல்டேஜும் தெரிந்துவிடும். மேலே போட்ட கணக்கில் அந்த எண்ணை வையுங்கள். ஒரு எச்சரிக்கை: பேலன்ஸ்டு வெளியீட்டில் இந்த மாதிரி ஸ்ப்ளிட்டரையோ 3.5 மில்லிமீட்டராக்கும் அடாப்டரையோ மாட்டாதீர்கள். இடது, வலதின் மைனஸ் இரண்டும் ஒன்றாக இணைந்து ஆம்ப்பே கருகக்கூடும். சிங்கிள்-எண்டட் (மைனஸ் இரண்டுக்கும் பொதுவான, வழக்கமான) ஆம்ப்பில் பேலன்ஸ்டு கேபிளை அடாப்டர் வழியாக மாட்டுவதில் ஆபத்தில்லை.

ஜாக் பற்றிச் சிறு தகவல் ஒன்று, ஏனென்றால் இதனால் நல்ல ஹெட்ஃபோன்கள் திருப்பி அனுப்பப்படுகின்றன. பாட்டில் இசையெல்லாம் கேட்கிறது, பாடகரின் குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் இருக்கிறது என்றால் ஹெட்ஃபோன் பழுதாக இருக்க வேண்டியதில்லை. பொது இணைப்பு விட்டுப்போய், இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே கேட்கிறது. குரல் இரண்டிலும் சமமாக இருப்பதால் அழிந்துவிடுகிறது. ப்ளக் முழுதாக உள்ளே போகவில்லை, போன் கவர் தடுக்கிறது, அல்லது மைக் உள்ள நான்கு வளைய ப்ளக்கின் வரிசை அந்தக் கருவியோடு பொருந்தவில்லை. கவரைக் கழற்றி அழுத்திப் பாருங்கள்.

ஆம்ப் வந்தபிறகு கையிருப்பு நிறைய இருக்கும், கை தானாகக் குமிழுக்குப் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபெல்லில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 89-ல் வாரத்துக்கு ஐந்து மணி நேரம்தான், அதாவது தினமும் முக்கால் மணி நேரம்கூட இல்லை. ஆம்ப் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பாதி நேரம் பயணம் என்கிறீர்கள், அதனால் 250 ஓம் மாடலை விடுங்கள். டிடி 770 ப்ரோ வடிவமே பிடித்திருந்தால் அதன் 32 ஓம், 80 ஓம் வகைகள் இருக்கின்றன, அவற்றை டாங்கிளே ஓட்டும். ஆனால் அந்த உருவம் பயணத்துக்குப் பருமன், நாய்ஸ் கேன்சலிங்கும் கிடையாது. பயணத்துக்கு ஒற்றை டைனமிக் டிரைவர் இன்-இயர் ஒன்று, மூன்று அளவு டிப்போடு. வீட்டுக்கு, மில்லிவாட்டுக்கு 98 டெசிபெல்லுக்குக் குறையாத, 32 முதல் 80 ஓமுக்குள் உள்ள ஓபன்-பேக் ஒன்று. இரண்டையும் டாங்கிளிலேயே ஒரு மாதம் கேளுங்கள். வால்யூம் முழுக்கப் போய் நிற்கும் பாட்டுகள் எவை, எத்தனை என்று குறித்துவையுங்கள். அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போனால் 2 வோல்ட் டாங்கிள் ஒன்று வாங்குங்கள். அதிலும் பட்டியல் நீண்டுகொண்டே போனால்தான் மேசை ஆம்ப்.